நாண் முன்கையை அறைந்துகொண்டே இருக்கிறது – முழங்கையைத் திருப்பியும் நிற்கவில்லை

புதுநாண்

அனைவருக்கும் வணக்கம். ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழக ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. வலக்கைக்காரன், வில் இடது கையில். 66 இஞ்ச் வில், லிம்பில் (வில்லின் வளைகிற கிளை) இழுவை எடை 24 பவுண்டு என்று எழுதியிருக்கிறது.

முதல் மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது வாரத்திலிருந்து நாண் இடது முன்கையை அறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு அம்புக்கும் இல்லை, பத்துக்கு மூன்று நாலு. ஆர்ம் கார்டு (முன்கைக் காப்புப் பட்டை) கட்டுகிறேன். அதன் ஓரத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத் தேடிப்பிடித்து அடிக்கிறது. இப்போது அங்கே நாலு விரல் அகலத்துக்குக் கருநீலமாக ஒரு பட்டை, ஓரத்தில் மஞ்சள் பாரித்திருக்கிறது. சட்டைக் கை உரசினாலே எரிகிறது.

யாரைக் கேட்டாலும் "முழங்கையைத் திருப்பு" என்கிறார்கள். திருப்பிவிட்டேன். கண்ணாடி முன் நின்று பார்த்தாகிவிட்டது, செல்போனில் படம் எடுத்தும் பார்த்தாகிவிட்டது. திரும்பித்தான் இருக்கிறது. இருந்தும் அடி விழுகிறது. அதைவிட மோசம், இரண்டு நாளாக அம்பை விடுவதற்கு அரை நொடி முன்னாலேயே கண் தானாக மூடிக்கொள்கிறது. எங்கே தப்பு?

மரவில்

முழங்கையைச் சற்று மடக்கி வையுங்கள், கதை முடிந்தது. பதினைந்து வருஷமாக மர வில்தான் விடுகிறேன். ஆர்ம் கார்டு கட்டுவதே சட்டைக் கையைப் பிடித்துவைக்கத்தான். கையைக் கம்பி மாதிரி நீட்டிப் பூட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்த வியாதி.

அவசரக்குடுக்கை

தம்பி, உங்களுக்கு முன்கை. எனக்கு முழங்கைக்கு மேலே, புஜத்தின் உள்பக்கம். அது எப்படி என்று அப்புறம் சொல்கிறேன். துணைக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவைக்கத்தான் வந்தேன்.

எல்லைக்கோடு

புதுநாண், வைத்தியம் சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள்.

முதல் மூன்று வாரம் அடிக்காத நாண் நாலாவது வாரம் அடிக்கிறது. இடையில் உங்கள் எலும்பு மாறியிருக்காது. வேறு ஏதோ மாறியிருக்கிறது. வில் மாறியதா, நாண் மாறியதா, ஆள் மாறினாரா, தூரம் கூடியதா? ஒரு நாளைக்கு எத்தனை அம்பு? பிரேஸ் ஹைட், அதாவது பூட்டிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு? கடைசியாக ஒன்று: அடி விழுகிற இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், மணிக்கட்டு ரேகையிலிருந்து எத்தனை விரல்?

ஏழெட்டு வருஷமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "நாண் அடிக்கிறது" என்று வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு முழங்கைதான். அதனால்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்கிறார்கள். மீதிப் பேருக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

இடதுகைக்காரி

அண்ணா கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தழும்பு இருக்கிற இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். என் அனுபவத்தில் (அனுபவம் என்றால் எல்லா இடத்திலும் வாங்கியிருக்கிறேன் என்று அர்த்தம்) மணிக்கட்டை ஒட்டி விழுந்தால் பிரேஸ் ஹைட் குறைவு, இல்லாவிட்டால் உள்ளங்கை கிரிப்புக்குள் ரொம்பப் புகுந்திருக்கிறது. முன்கை நடுவிலோ முழங்கைக்குச் சற்றுக் கீழேயோ விழுந்தால் முழங்கை திரும்பவில்லை. முழங்கைக்கு மேலே விழுந்தால் தோள் ஏறியிருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் இழுக்கிறோம், அல்லது நிற்கிற கோணம் தப்பு. மார்பில் பட்டால் அது தனிக் கதை, அதற்கு செஸ்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது, வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இது சட்டமில்லை. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

புதுநாண்

எல்லைக்கோடு அண்ணா, அளந்து பார்த்தேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து இரண்டு விரல் விட்டு ஆரம்பித்து நாலு விரல் அகலம். முழங்கைப் பக்கம் ஒன்றுமே இல்லை.

வில் அதே வில், நாணும் அதே நாண். தூரம் 10 மீட்டரிலிருந்து 18 ஆகியிருக்கிறது. நாளைக்கு 60 முதல் 80 அம்பு. அதைத் தவிர மாறியது ஒன்றே ஒன்றுதான்: முதல் மூன்று வாரம் பயிற்சியாளரே வில்லைப் பூட்டிக் கையில் கொடுப்பார். அப்புறம் ஸ்ட்ரிங்கர் (வில்லை வளைத்து நாண் பூட்ட உதவும் கயிறு) பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார், இப்போது நானே பூட்டி நானே கழற்றுகிறேன். முடிந்ததும் நாணைத் தனியாக எடுத்துச் சுருட்டி உறைக்குள் போட்டுவிடுவேன்.

பிரேஸ் ஹைட் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அளந்ததில்லை. அளவுச் சட்டமும் இல்லை.

நாண்முறுக்கி

//முடிந்ததும் நாணைத் தனியாக எடுத்துச் சுருட்டி உறைக்குள்//

ஐயோ. அளந்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

எல்லைக்கோடு

அளவுச் சட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சாதாரண ஸ்கேல் போதும். வில்லைப் பூட்டுங்கள். கிரிப்பில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவை உட்காருமே, அந்த ஆழமான இடத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து நாண்வரை நேராக அளங்கள். ஸ்கேல் நாணுக்குச் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் கூடுதலாகக் காட்டும். 66 இஞ்ச் வில்லுக்குப் பெரும்பாலும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். உங்கள் வில்லோடு வந்த தாளில் ஓர் அளவு போட்டிருந்தால் அதுதான் சரி, நான் சொல்வதில்லை.

புதுநாண்

7¼ இஞ்ச். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஏழேகால்தான்.

நாண்முறுக்கி

நினைத்தேன். நாண் கட்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாண் என்பது பல இழைகளைச் சேர்த்து முறுக்கியது. முறுக்கு ஏற ஏற நாண் குட்டையாகும், குட்டையானால் லிம்ப் கூடுதலாக வளையும், நாண் கிரிப்பை விட்டுத் தள்ளி நிற்கும். முறுக்கு கழன்றால் எல்லாம் தலைகீழ். நீங்கள் நாணின் இரண்டு நுனியிலும் உள்ள கண்ணிகளைக் கழற்றித் தனியே எடுக்கும்போது நாண் கையில் தொங்கிக்கொண்டு தானாகச் சுழலும், கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு சுழற்சியும் ஒரு முறுக்கு கழன்றது. இன்றைக்கு மூன்று, நாளைக்கு நாலு. பழகுநர் வில்லில் வருவது பெரும்பாலும் டேக்ரான் நாண், அது புதிதில் சற்று இழுபடவும் செய்யும். நாலு வாரத்தில் ஓர் இஞ்சுக்கு மேல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சரி, அது கையை ஏன் அடிக்கிறது? அம்பை விட்டதும் நாண் நேர்கோட்டில் போகிறது என்று நினைக்கிறோம். போவதில்லை. விரல்கள் நாணைத் தட்டென்று விட்டுவிட முடியாது, நாண் விரல்நுனியைச் சுற்றி உருண்டு வெளியேற வேண்டும். அந்த உருளலில் அது முதலில் உங்கள் உடம்புப் பக்கமாக ஒதுங்கும், பிறகு மறுபக்கம், இப்படி நெளிந்துகொண்டே முன்னால் போகும். அம்பு கழன்ற பிறகும் தன் இடத்தில் சட்டென்று நிற்காது. அதைத் தாண்டிப் போய் அதிரும். நாண் ஓய்கிற இடம் மணிக்கட்டிலிருந்து தள்ளி இருந்தால் இந்த நெளிவும் அதிர்வும் காற்றோடு போகும். ஏழேகாலில் இருந்தால் உங்கள் கையில்தான் முடியும்.

செய்ய வேண்டியது: ஒரு கண்ணியை மட்டும் கழற்றி, ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதே பக்கமாக நாலைந்து முறுக்கு ஏற்றுங்கள். மாறிப் போனால் நடுவில் சுற்றியிருக்கிற நூல் தளர்ந்துவிடும். பூட்டி அளங்கள். போதாவிட்டால் இன்னும் நாலைந்து. எட்டரையில் நிறுத்துங்கள். அப்புறம் நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பின் வாலை மாட்டுகிற இடம்) அதே உயரத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள், நகர்ந்திருக்கலாம்.

இனிமேல் கழற்றும்போது மேல் கண்ணி லிம்பிலேயே வழிந்து கிடக்கட்டும். கீழ்க் கண்ணியை ஒரு ரப்பர் பேண்டு போட்டு லிம்ப் நுனியோடு பிடித்துவைத்துவிடுங்கள். நாண் சுழல வழியே இருக்காது. லிம்பைக் கழற்றி உறையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு கண்ணியையும் சேர்த்து ஒரு நூலால் கட்டிவிட்டுச் சுருட்டுங்கள்.

இன்னொன்று, நாணின் நீளம். 66 இஞ்ச் வில்லுக்கு 63 இஞ்ச் நாண், அதாவது வில்லின் நீளத்தில் மூன்று குறைவு. தவறிப்போய் 68 வில்லுக்கான நாணை மாட்டியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் உயரம் வராது. நாண் சுருண்டு முடிச்சு விழுவதுதான் மிச்சம்.

மரவில்

நாண் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழங்கையை மடக்கியிருந்தால் ஏழேகாலிலும் அடித்திருக்காது என்பேன்.

எல்லைக்கோடு

மரவில் ஐயா, நீங்கள் மடக்குகிறீர்கள், உங்களுக்குச் சரியாக வருகிறது. பதினைந்து வருஷப் பழக்கம் அது. ஏழு வாரக்காரர் மடக்கினால் என்ன நடக்கும்? வில் தள்ளுகிற பலத்தை எலும்பு வாங்காது, புஜத் தசை வாங்கும். இருபதாவது அம்பு வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அம்புக்கும் மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, இழுக்கும் நீளம் தினுசு தினுசாக மாறி, அம்பு ஒன்று மேலே ஒன்று கீழே என்று சிதறும். நாண் அடிக்காது, ஆனால் அம்பும் இலக்குக்குப் போகாது.

திருப்புவது வேறு, மடக்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கதவு நிலையிலோ சுவரிலோ இடது உள்ளங்கையை ஊன்றி நில்லுங்கள். கை அசையக் கூடாது, தோள் ஏறக் கூடாது. முழங்கை மட்டும் சுழல வேண்டும், முழங்கையின் கூர்மையான எலும்பு தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி. மடிப்பு ரேகை இப்போது செங்குத்தாக நிற்கும். சரியாகத் திரும்பியதா என்று பார்க்க, தோளை அப்படியே வைத்துக்கொண்டு கையை மடக்குங்கள். உள்ளங்கை மார்பை நோக்கி வந்தால் சரி. முகத்தை நோக்கி மேலே வந்தால் திரும்பவில்லை.

இதை வில்லைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டும். இழுத்த பிறகு திருப்பப் பார்த்தால் நடக்காது, எடை ஏறிவிட்ட கை கேட்காது.

தசைநார்

பிசியோதெரபி என் தொழில், வில் என் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆள் யார் என்பதைப் பொறுத்தது.

சிலருக்கு முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்பக்கம் வளையும். பெண்களிடமும் சின்னப் பிள்ளைகளிடமும் இதை அதிகம் பார்க்கலாம். கையை முழுசாக நீட்டினால் முழங்கையின் உள்பக்கம் புடைத்துக்கொண்டு நாணின் பாதைக்கே வந்து நிற்கும். இவர்கள் எவ்வளவு திருப்பினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இவர்களுக்கு மரவில் ஐயா சொன்னதுதான் வைத்தியம், ஆனால் "மடக்குவது" என்ற சொல் பயமுறுத்துகிறது. பூட்டைத் திறப்பது என்று சொல்லுங்கள். பின்னால் போன மூட்டை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், கண்ணுக்கு மடங்கியது போலவே தெரியாது.

அப்புறம் புதுநாணின் காயம். கருநீலம் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்தது. புதிதாக அடி விழுந்தால் ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் தேய்த்துவிடாதீர்கள். வீட்டில் யாராவது எண்ணெய் போட்டு நீவிவிட ஆசைப்படுவார்கள், வேண்டாம். மஞ்சள் பாரிப்பது ஆறுகிற அடையாளம். ஆனால் வீக்கம் உருண்டையாகப் பெரிதாகிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, பிடியில் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும்.

ஆறும்வரை அதே இடத்தில் இன்னோர் அடி விழக் கூடாது. ஆர்ம் கார்டை மேலே இழுத்துக் கட்டாமல் மணிக்கட்டுப் பக்கம் இறக்கிக் கட்டுங்கள். உங்களுக்கு அடிக்கிற இடம் அதுதானே.

சொல்தேடி

விவாதத்துக்குச் சம்பந்தம் குறைவு, இருந்தாலும் கை துறுதுறுக்கிறது. ஆர்ம் கார்டு, ஆர்ம் கார்டு என்கிறோமே, நமக்கு இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: கோதை. மாலை, பெண் என்ற பொருள்களோடு வில்லாளி கையில் கட்டும் தோல் என்றும் அகராதியில் இருக்கிறது. வடமொழியில் கோதா என்றால் உடும்பு, அதே சொல்தான் நாணடி படாமல் முன்கையில் சுற்றும் தோல்பட்டைக்கும். உடும்புத் தோலில் செய்ததாலா, உடும்பு மாதிரி கையைப் பற்றிக்கொள்வதாலா, உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982-இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த சாமான்களில் நீளவில்களோடு தோல் கைப்பட்டைகளும் இருந்தன. அந்தக் காலத்துப் போர்வீரனுக்கே தேவைப்பட்டிருக்கிறது, புதுநாண் கூச்சப்பட வேண்டாம்.

இடதுகைக்காரி

இனிமேல் என் ஆர்ம் கார்டுக்குக் கோதை என்றுதான் பெயர். 🙂

புதுநாண்

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் வில்லைத் தொடவில்லை. நேற்று முறுக்கு ஏற்றினேன். பதினெட்டு முறுக்குக்கு எட்டரை வந்தது. கையில் எண்ணும்போதுதான் புரிந்தது, இத்தனையும் நான் கழற்றிவிட்டவை என்று.

48 அம்பு விட்டேன். நாலு தடவை அடித்தது. முன்னால் பத்துக்கு மூன்று நாலு, இப்போது பன்னிரண்டுக்கு ஒன்று. சத்தமும் மாறிவிட்டது, முன்பு வில் தளர்ந்த கட்டில் மாதிரி அதிரும், இப்போது கெட்டியாக ஒரே தட்டு. ஆனால் முழுசாக நிற்கவில்லை. அடிக்கும்போது அதே இடம்தான். அப்புறம், கண் மூடுவது போகவில்லை. அடிக்காத அம்புக்கும் மூடுகிறது.

எல்லைக்கோடு

பாதி வேலை முடிந்தது. மீதி அனேகமாகக் கிரிப். இழுத்து நிற்கும்போது இடது கையை மட்டும் யாரையாவது பக்கத்திலிருந்து படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

புதுநாண்

படம் போட்டிருக்கிறேன். எனக்கே பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. நாலு விரலும் ரைசரை (கைப்பிடி உள்ள வில்லின் நடுப்பகுதி) சுற்றி வளைத்துப் பிடித்திருக்கிறது, கணுவெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. விட்டால் வில் கீழே விழுந்துவிடுமே என்ற பயம்தான்.

எல்லைக்கோடு

இதுதான். பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறீர்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு ரைசருக்குப் பின்னால், நாணுக்கு நேராக வந்துவிடும். முழங்கை எவ்வளவு திரும்பியிருந்தாலும் அந்த இரண்டு மூன்று விரல் இடம் நாணின் பாதையிலேயே நிற்கும். போதாததற்கு, விடுகிற நேரத்தில் பிடி இன்னும் இறுகி ரைசரை ஒரு பக்கம் திருகும், நாணும் அதோடு சேர்ந்து திரும்பும்.

உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலைச் சுற்றி ஓடுகிறதே ஆயுள் ரேகை, அதற்கும் கட்டைவிரலுக்கும் நடுவிலுள்ள சதைமேடுதான் வில்லைத் தாங்க வேண்டும். ரேகையைத் தாண்டி ரைசர் உள்ளே வரவே கூடாது. கையை அப்படி வைத்தால் விரல் கணுக்கள் தாமாகவே 45 டிகிரி சாய்ந்து நிற்கும். யாரையாவது "அங்கே நில்" என்று கையை நீட்டி நிறுத்துவோமே, அந்தச் சாயல். விரல்கள் சும்மா தொங்கட்டும். இழுக்கும்போது வில் உங்கள் கைக்குள்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது, அப்போது எங்கே விழும்? விட்ட பிறகுதான் முன்னால் தாவும். அதற்கு ஃபிங்கர் ஸ்லிங், அதாவது வில்லைத் தாங்க விரல்களில் மாட்டும் கயிறு.

பழைய ஷூ லேஸ் ஒன்று எடுங்கள். இரண்டு நுனியிலும் சுருக்குக் கண்ணி போடுங்கள். ஒன்றை நடுவிரலில் மாட்டி, லேஸை ரைசருக்கு முன்பக்கமாகக் கொண்டுபோய் மற்றதைக் கட்டைவிரலில் மாட்டுங்கள். வில் ஓரிரு விரல் அளவு முன்னால் தாவி லேஸில் நிற்க வேண்டும், நீளத்தை அதற்கேற்ப வையுங்கள். முதல் தடவை நம்பிக்கை வராது. ஒரு கெட்டி மெத்தைக்கு மேலே நின்றுகொண்டு வில்லை மெதுவாக விட்டுப் பாருங்கள், இழுத்து அல்ல, சும்மா. லேஸ் பிடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தால்தான் விரல் நம்பும்.

மரவில்

ஷூ லேஸ் நல்ல யோசனை. நான் கூடக் கட்டிப் பார்க்கிறேன்.

அவசரக்குடுக்கை

இப்போது என் கதை. பெயரிலேயே இருக்கிறது. முதல் வில்லே 34 பவுண்டு லிம்போடு வாங்கினேன், "எப்படியும் ஏறத்தானே போகிறோம்" என்று. அது 28 இஞ்ச் இழுவைக்கு எழுதியிருக்கிற எடை என்பது கூடத் தெரியாது. என் இழுவை 30 இஞ்ச். ஓர் இஞ்சுக்குச் சுமார் 2 பவுண்டு கூடும், ஆக விரலில் 38. இழுக்க முடியாமல் இடது தோளைக் காதுவரை தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, வலது கையை முகத்திலிருந்து பிடுங்கி எறிகிற மாதிரி விடுவேன். பிடுங்கினால் நாணின் நெளிவு இன்னும் அகலமாகும் என்று இப்போது நாண்முறுக்கி சொல்லித்தான் விளங்குகிறது. தோள் ஏறினால் புஜம் நாண் பக்கம் வருகிறது, இரண்டும் சேர்ந்து முழங்கைக்கு மேலே சரியாக ஒரு அறை. ஆர்ம் கார்டு அங்கே எட்டாது.

எத்தனை வீடியோ பார்த்தும் தேறவில்லை. 20 பவுண்டு லிம்பைக் கடன் வாங்கிப் பூட்டிய அன்றைக்கே நின்றுவிட்டது. வேறு ஒன்றையும் மாற்றவில்லை. கௌரவம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இடதுகைக்காரி

எனக்கு மேல்கையில் விழுந்ததற்குப் பாதம்தான் காரணம். இலக்குக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி மூடி நிற்பேன். முன் பாதத்தை அரை அடி பின்னுக்கு வாங்கி, மார்பு இலக்குப் பக்கம் லேசாகத் திறந்ததும் நாணுக்கும் கைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லமாட்டேன். ரொம்பத் திறந்து நின்றால் தோள் வரிசை கலைகிறது.

தளர்ந்த முழுக்கைச் சட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாண் கையைத் தொடாது, துணியைத் தொடும், அம்பு எங்கேயோ போகும். நாம் வெகு நேரம் நம் கையையே திட்டிக்கொண்டிருப்போம்.

தசைநார்

புதுநாணின் கண் விஷயத்தை யாரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் தழும்பைவிடக் கவலை. வலிக்கப் போகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. காரணம் போன பிறகும் பாடம் போகாது. கண் மூடுவதோடு நிற்காமல் இடது கையை வெளியே உதறுவது, விடுவதற்கு முன்னாலேயே பிடியை இறுக்குவது என்று வளரும். பிடி இறுகினால் மறுபடி நாண் அடிக்கும்.

எல்லைக்கோடு

ஆமாம். அதற்கு ஒரே வழி தூரத்தைக் குறைப்பது. 18 மீட்டரை மறந்துவிடுங்கள். பெரிய வைக்கோல் பொதிக்கு முன்னால் 3 மீட்டரில் நில்லுங்கள், இலக்குத் தாள் வேண்டாம். அம்பு எங்கே போகிறது என்பதைப் பற்றி ஒரு நினைப்பும் வேண்டாம். கண் தானாக மூடுகிறதா? நீங்களே மூடிவிடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும், இழுத்து நின்றதும் அம்பு பொதியைப் பார்த்துத்தான் இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு கண்ணை மூடி விடுங்கள். காது சும்மா இருக்காது, நாணின் சத்தம் கேட்கும். கை என்ன செய்கிறது என்று தெரியும். நாளைக்கு முப்பது அம்பு, ஒரு வாரம்.

வீட்டில் ரப்பர் பட்டையை வைத்து இழுத்துப் பழகலாம். வில்லை மட்டும் அம்பில்லாமல் இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்பு வாங்க வேண்டிய அடியை லிம்ப் வாங்கும், உடைந்தால் சில்லு முகத்துக்குத்தான் வரும்.

நாண்முறுக்கி

அடித்ததா இல்லையா என்று மனசு சொல்வதை நம்பாதீர்கள், பயந்தவனுக்குப் படாததும் பட்ட மாதிரி இருக்கும். கறுப்பு ஆர்ம் கார்டில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிக்கொள்ளுங்கள். நாண் உரசினால் பவுடரில் கீறின மாதிரி ஒரு கோடு விழும். ஆறு அம்புக்கு ஒரு தடவை பாருங்கள், பார்த்ததும் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள்.

புதுநாண்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். முதல் ஆறு நாள் 3 மீட்டர், பொதி, கண்ணை மூடி. முதல் நாள் அசட்டுத்தனமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒன்று கவனித்தேன்: கண்ணை மூடியிருக்கும்போது விரல்கள் இறுகுவது எனக்கே தெரிகிறது, சுண்டுவிரல்தான் முதலில் மடங்கும். அதற்கப்புறம் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ரைசரைத் தொடாமல் வெளியே மடித்து வைத்துக்கொள்கிறேன், அவை ரைசரைச் சுற்ற வழியே இல்லை. ஷூ லேஸ் பழகிவிட்டது. வில் முன்னால் தாவி லேஸில் ஆடும்போது ஒரு சந்தோஷம்கூட வருகிறது.

நேற்று 18 மீட்டருக்குத் திரும்பினேன். பூட்டியதும் அளந்தேன், எட்டரை, அசையவில்லை. ரப்பர் பேண்டு வேலை செய்கிறது. 72 அம்பு. பவுடரில் இரண்டே இரண்டு கோடு. இரண்டும் லேசாக, வலிக்கவில்லை. கண் மூடவில்லை, அல்லது மூடியது எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கோடு

அருமை. அந்த இரண்டு கோடும் எத்தனையாவது அம்பில்?

புதுநாண்

ஆறு ஆறாகத்தானே பார்த்தேன். ஒன்று 61-லிருந்து 66-க்குள். இன்னொன்று கடைசி ஆறில்.

எல்லைக்கோடு

அப்படியென்றால் அடுத்த தடவை 60-இல் வில்லைக் கழற்றிவிடுங்கள்.